ஊர்மன்றத்து ஒலிபெருக்கியிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு

வீட்டுத் திரையரங்கு என்று இன்று வழங்கும் அமைப்பின் நடுவில் இருக்கும் பெட்டிக்குக் கடைவழக்கில் 'ஏ.வி. ரிசீவர்' என்று பெயர். வானொலி அலையை வாங்கும் பகுதியும் ஒலியைப் பெருக்கும் பகுதியும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருந்த காலத்தில் எழுந்த பெயர் அது. வானொலி கேட்பது அதன் வேலைகளுள் மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்ட பின்னும் பெயர் மட்டும் மாறவில்லை. செட்டாப் பாக்ஸ், வட்டு இயக்கி, கைப்பேசி எனப் பல ஊற்றுகளிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுப்பது, அதன் ஒலியைப் பெருக்கி ஐந்து அல்லது ஏழு ஒலிபெருக்கிகளுக்குப் பிரிப்பது, படத்தைத் திரைக்கு அனுப்புவது, வேண்டுமானால் மாடியறைக்கும் சமையலறைக்கும் அதே பாட்டையோ வேறொன்றையோ கொண்டுசெல்வது ஆகியவை இப்பெட்டியின் தொழில். தெரிதல், பெருக்குதல், பகிர்தல் என்னும் இம்மூன்றையும் தமிழகம் வீட்டுக்குள் கற்கவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்திலும் கோயில் திடலிலும் கேபிள் அறையிலும்தான் முதலில் கற்றது. இந்த வரலாற்றைச் சென்னையின் கடைத்தெருக்களை மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். கொல்லிமலையின் செம்மேடு போன்ற மலையூர் ஒன்றிலிருந்து பார்க்கும்போது அதன் முழு வடிவம் தெரிகிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்துகிடக்கும் மேட்டுநிலம். 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறும் பாதையின் மேற்பகுதியில், வாழவந்தி நாட்டில், மலையின் நிர்வாக மையமாகச் செம்மேடு அமைந்துள்ளது. 'நாடு' என்பது இங்கே மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் பல சேர்ந்த பழைய ஆட்சிப்பிரிவு; இன்றைய ஊராட்சிகளும் பெரும்பாலும் அப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் சிலை செம்மேட்டில் உள்ளது. ஆடி மாதம் 17, 18ஆம் நாள்களில் அரசு விழாவும் அங்கு நடைபெறுகிறது. ஓரியைப் பாடிய வன்பரணரின் புறநானூற்றுப் பாடலில் முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை ஆகிய கருவிகள் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. எக்கருவி எவ்வேளையில் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்ற ஒழுங்கு, இம்மலையோடு தொடர்புடைய இலக்கியத்தில் இவ்வளவு முன்னரே பதிவாகியிருப்பது தற்செயலாகவே இருக்கலாம்; ஆனால் பல ஒலிகளை ஓர் ஒழுங்கில் அவைக்குக் கொண்டுசேர்ப்பது மின்சாரத்தோடு பிறந்த கலை அன்று என்பதை அது நினைவூட்டுகிறது.

மின்வழி ஒலிபரப்பு தமிழகத்தில் தொடங்கியது 1924இல். அவ்வாண்டு மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் அமைந்த சென்னை மாகாண வானொலிக் கழகம், சூலை 31 அன்று ஒலிபரப்பத் தொடங்கிப் பணமுடையால் 1927இல் நின்றது. அதன் கருவிகளை ஏற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. வானொலிப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் மிகச் சிலவாக இருந்ததால், கடற்கரை, பூங்கா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்து மாலைநேர இசையை ஊருக்கே கேட்பித்தது. ஆகவே தமிழகத்தில் வானொலி தனிச்சொத்தாகப் பரவுவதற்கு முன்பே பொதுச்சொத்தாக ஒலித்தது என்று கூறுவது மிகையாகாது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் திறக்கப்பட்டன. கொல்லிமலைக்கு அண்மையில் இருந்தது திருச்சி நிலையமே. தஞ்சை உழவர்கள் 1960களில் ஏ.டி.டி. 27 என்னும் நெல்வகையை 'ரேடியோ நெல்' என்றே அழைக்கும் அளவுக்கு அந்நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு ஊர்களில் ஊன்றியிருந்தது.

அந்த ஒலிபரப்பு பெரும்பாலான சிற்றூர் மக்களின் செவிக்கு எட்டியது பஞ்சாயத்து ரேடியோவின் வழியாகத்தான். அலுவலகத்தில் பூட்டிய அலமாரிக்குள் பெட்டி. வெளியே கம்பத்தில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி. இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. செய்தியும் பாட்டும் ஓர் அறையில் வாங்கப்பட்டு இன்னோர் இடத்தில் கேட்கப்பட்டன. இன்றைய ரிசீவரில் 'இரண்டாம் மண்டலம்' என்று குறிக்கப்படும் வசதி, அதாவது பெட்டி இருக்கும் அறையை விட்டு வேறு இடத்துக்கு ஒலியை அனுப்பும் ஏற்பாடு, கருத்தளவில் இதிலிருந்து சற்றும் வேறானதன்று.

பகிர்தல் என்னும் கலை முழுத் தொழிலாக வளர்ந்தது மைக்செட்காரர்களின் கையில். திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் எதுவாயினும், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஓர் இசைத்தட்டுப் பெட்டி, ஒரு மைக், குழாய்கள் எனப்படும் கூம்பு ஒலிபெருக்கிகள் சில, கயிறு, கம்பிச்சுருள் ஆகியவற்றோடு வந்திறங்கி, மரக்கிளைகளில் குழாய்களைக் கட்டி, ஒரு மேசையின் மேலிருந்தே பல தெருக்களுக்குப் பாட்டைக் கொண்டுசென்றவர்கள் அவர்கள். பலரும் முறையான பள்ளியில் மின்னியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் பொறியியல் மாணவர் தாளில் போடும் கணக்கை அவர்கள் மரத்தின் மேலிருந்து போட்டார்கள். அக்கணக்கைச் சற்று விரித்துச் சொல்வது தகும். ஏனெனில் இன்று வீட்டில் பல அறைகளுக்கு ஒலி கொண்டுசெல்ல விரும்புவோர் தவறுவதும் இதே இடத்தில்தான்.

ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை ஓம் என்னும் அலகால் குறிக்கப்படும். வீட்டு ஒலிபெருக்கிகளில் 8 ஓம் பொதுவானது. ஒரே முனையில் இரண்டை இணையாகக் கோத்தால் மொத்தத் தடை 4 ஓமாகவும், நான்கைக் கோத்தால் 2 ஓமாகவும் இறங்கும். தடை இறங்க இறங்க மின்னோட்டம் பெருகி, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் சூடேறி எரியும். நீண்ட கம்பியில் இன்னொரு தொல்லை உண்டு: 8 ஓம் சுமைக்கு 100 வாட் ஆற்றலை நேரே அனுப்பினால் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் ஓட வேண்டும், அதில் கணிசமான பங்கைக் கம்பியே வெப்பமாக உண்டுவிடும். மைக்செட் தொழில் இதற்குக் கையாண்ட தீர்வு, 100 வோல்ட் வழி எனப்படும் முறை. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் உள்ள மின்மாற்றி அழுத்தத்தை உயர்த்துகிறது. அதே 100 வாட் இப்போது 1 ஆம்பியரில் பயணம் செய்கிறது. கம்பியில் வீணாகும் ஆற்றல் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒவ்வொரு குழாயோடும் கட்டப்பட்ட சிறிய மின்மாற்றி அழுத்தத்தை மீண்டும் இறக்கித் தனக்கு வேண்டிய வாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. குழாய்களின் வாட் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக் கூடாது என்ற ஒரே விதியைக் காத்தால், எத்தனை குழாய்களையும் கட்டலாம். மின்வாரியம் உயரழுத்தக் கம்பியில் மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவந்து மின்மாற்றியில் இறக்கித் தருவதும் இதே அறிவுதான்.

இரண்டாவது கணக்கு காலத்தைப் பற்றியது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கம்பியில் மின்குறி செல்லும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவான நடை. அருகிலிருக்கும் குழாயின் ஒலிக்குப் பின், 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயின் ஒலி அரைநொடி பிந்தி வந்து சேரும். மலைச்சரிவு எதிரொலியையும் கூட்டுமானால் பேச்சு ஒரு சொல்லும் விளங்காமல் குழம்பும். குழாய்களை ஒன்றையொன்று நோக்கிக் கட்டாமல் எல்லாவற்றையும் ஒரே திசையில் திருப்பிக் கட்டும் வழக்கம் இதனால் பிறந்தது. ரிசீவரை முதன்முறை அமைக்கும்போது ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் கேட்பவருக்கும் உள்ள தொலைவைக் கேட்கும் பட்டியல் இருப்பதற்கும் காரணம் இதுவே: கூடத்தில் ஒரு மீட்டர் என்பது ஏறத்தாழ மூன்று மில்லிநொடி, முன்னால் நான்கு மீட்டரிலும் பக்கத்தில் இரண்டு மீட்டரிலும் பெட்டிகள் இருந்தால், பக்கத்துப் பெட்டியை ஆறு மில்லிநொடி தாமதப்படுத்தி, இரண்டு ஒலியும் ஒருங்கே செவி சேரும்படி கருவி செய்கிறது. மீண்டும் திடலுக்கு வந்தால், 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளி ஒலிபெருக்கிகளுக்குத் தடை விதித்தன. கூம்பு வடிவக் குழாய்களும் படிப்படியாக ஒதுக்கப்பட்டு, சதுரப் பெட்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஊரின் உறக்கத்துக்கு இது தேவையான விதியே என்பதில் ஐயமில்லை. ஆனால் குழாயோடு சேர்ந்து அந்தக் கணக்கும் புறக்கணிக்கப்பட்டது இழப்பு.

தொலைக்காட்சி சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15 அன்று வந்தது. உள்மாவட்டங்கள் அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன; இலங்கையின் ரூபவாகினி 1982இல் தொடங்கியபோது, கடலோரத் தமிழர்கள் உயர்ந்த குழாய்க்கம்பத்தில் ஆன்டெனாவையும் பூஸ்டரையும் ஏற்றி அதைப் பார்த்தார்கள். கொடைக்கானலில் உயர் ஆற்றல் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பின்னரே தூர்தர்ஷன் தென்மாவட்டங்களிலும் நடுத் தமிழகத்திலும் பரவலாகத் தெரிந்தது. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், மலையூருக்கு இதில் வாய்ப்பும் இடரும் ஒருங்கே இருந்தன. விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு, குறுக்கே வேறு மலை இல்லாதவரை, சமவெளி வீட்டைவிடப் பன்மடங்கு தொலைவு வரை பார்வைக்கோடு உண்டு. அதே மலையின் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கோ மேட்டின் முதுகே சுவராக நின்றுவிடும். மீன்முள் போன்ற ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, கூரையில் ஒருவரும் திரைமுன் ஒருவருமாகக் குரல் கொடுத்துப் படத்தைப் பிடித்த அக்காலம், தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் பொதுவான நினைவு.

படத்தையும் ஒலியையும் தனித்தனியே பிரித்து வேறு வேறு கருவிகளுக்கு அனுப்பும் பழக்கத்தைக் கொண்டுவந்தது டெக். வீடியோ கேசட் கருவிக்குத் தமிழ்மக்கள் வைத்த பெயர் அது. 1980களில் டெக்கையும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்துவந்து, திடலில் வைத்து விடிய விடிய மூன்று, நான்கு படங்கள் ஓட்டுவது சிற்றூர்களின் வழக்கமாயிற்று. அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் ஆன்டெனா துளை ஒன்றே உண்டு. ஆகவே டெக் தன் படத்தையும் ஒலியையும் ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் போல அலையாக மாற்றி, ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் அத்துளைக்குள் செலுத்தியது. கூட்டம் பெருகியபோது பெட்டியின் சிறிய ஒலிபெருக்கி போதவில்லை. அப்போது டெக்கின் பின்புறத்து ஒலி வெளியீட்டிலிருந்து ஒரு பின் வயரை இழுத்து மைக்செட் ஆம்ப்ளிஃபயரில் செருகினார்கள். படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி என்ற அந்தப் பிரிவே வீட்டுத் திரையரங்கின் பிறப்பிடம் என்று கருத இடமுண்டு. அந்த வயரின் முனை, அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் வானொலிப் பெட்டியோடு இசைத்தட்டு இயக்கியை இணைக்க உருவாக்கி, அந்நிறுவனத்தின் பெயராலேயே ஆர்.சி.ஏ. பின் என வழங்குவது. படத்துக்கு மஞ்சள், வலப்பக்க ஒலிக்குச் சிவப்பு, இடப்பக்க ஒலிக்கு வெள்ளை என்ற நிறமரபு எழுத்தறியாதவரும் பிழையின்றி இணைக்க உதவியது.

ஒரு டெக்கின் படத்தை ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் காட்ட வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது கேபிள். 1991இல் ஆசியாசாட் செயற்கைக்கோளில் ஸ்டார் அலைவரிசைகள் வந்ததும், 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. தொடங்கியதும் அத்தொழிலை ஊர்தோறும் பரப்பின; 1995இல் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மொட்டைமாடியில் பெரிய குடை ஆன்டெனா, அதன் கீழே அலைவரிசைகளைக் கலக்கும் சிறிய அறை, அங்கிருந்து மின்கம்பங்களின் வழியே ஓடும் கறுப்பு வடம்: ஊர் முழுவதும் ஒரே வீடாகவும் ஒவ்வொரு வீடும் அதன் ஓர் அறையாகவும் ஆனது போன்ற அமைப்பு அது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றிலும் குறியின் ஆற்றல் பாதிக்கும் கீழாக இறங்கும். ஆகவே இடையிடையே பெருக்கிகளை வைத்தார்கள். ஆனால் பெருக்கி படத்தைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி, தன் பங்குக்குச் சிறிது கூட்டியும் விடும். கடைசி வீட்டில் மட்டும் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததற்குக் காரணம் இந்த அடுக்குப் பெருக்கமே. வீடுகள் நெருங்கி நிற்கும் சமவெளித் தெருவில் இது தாங்கக்கூடியது. குடியிருப்புகள் தள்ளித் தள்ளிச் சிதறியிருக்கும் மலைநாட்டில் வடமும் பெருக்கியும் வீட்டுக் கணக்குக்குக் கட்டுப்படியாகாமல் நீளும். கேபிளைவிட, கூரைக்கு ஒன்றாக வைக்கும் சிறிய டிஷ் மலையூர்களுக்குப் பொருந்தியதன் காரணம் இது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லா நேரடிச் சேவையும், அதற்கு முன்னும் பின்னுமாகத் தனியார் சேவைகளும் வந்தன. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், பொதுத்திடலில் இருந்த திரையைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. 2007இல் அமைந்து 2011இல் புத்துயிர் பெற்ற அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தது.

திரை வீட்டுக்கு வந்தபின் ஒலியும் வந்தது. குருதிப்புனல் என்ற படம் 1995இல் டால்பி முறையிலும், கறுப்பு ரோஜா என்ற படம் 1996இல் டி.டி.எஸ். முறையிலும் வெளிவந்து, சூழ்ந்தொலிக்கும் ஒலியைத் தமிழ்ப் பார்வையாளருக்குப் பழக்கின. திரையரங்கில் கேட்டதை வீட்டில் கேட்க விரும்பியவருக்கு வெளிநாட்டு ரிசீவரின் விலை எட்டாததாக இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள், சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களிலிருந்து உதிரிகளை வாங்கி ஆம்ப்ளிஃபயரை ஊரிலேயே கோத்துத் தந்த கைவினைஞர்கள். '4440' என்று எண்ணாலேயே அழைக்கப்படும் ஐ.சி., டி.வி.டி. இயக்கியின் பின்புறத்திலிருந்து வரும் ஆறு பின்கள், மரப்பெட்டியில் அடைத்த ஊஃபர் ஆகியவற்றைக் கொண்டு 5.1 ஒலியை, அதாவது ஐந்து திசை ஒலியோடு ஒரு தாழொலிப் பெட்டியையும், எளிய வீட்டுக் கூடத்துக்குள் அவர்கள் கொண்டுவந்தார்கள். இப்பணி பொறியியல் வரலாற்று நூல்களில் இன்னும் தன் இடத்தைப் பெறவில்லை, பெற வேண்டியது.

2002 டிசம்பரில் வரையறுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. முறை, மூன்று நிற வயர்களையும் ஆறு பின்களையும் ஒரே வடத்தில் அடக்கியது. படமும் ஒலியும் எண்களாகச் செல்வதால் கடைசி வீட்டுப் புள்ளிகள் இனி அரிது. பொதுவாக ஒன்று முழுதாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். தெரியாமற்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பாதுகாப்புக் கைகுலுக்கல் எனப்படும் ஏற்பாடு: அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒப்புக்கொள்ளாதவரை படம் வெளிப்படாது. 2009இல் வந்த 1.4 பதிப்பின் 'ஆர்க்' வசதி, தொலைக்காட்சியின் உள்ளேயே ஓடும் நிகழ்ச்சியின் ஒலியை அதே வடத்தின் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பியது. 2017இல் வந்த 2.1 பதிப்பின் 'இ-ஆர்க்' அதையே சுருக்காத முழு ஒலிக்கும் விரித்தது. தொலைக்காட்சியில் ஆர்க் என்று குறித்த ஒரே துளையில்தான் இவ்வடத்தைச் செருக வேண்டும் என்பதை அறியாமல் ஒலி வரவில்லை என்று கருவியைக் குறைகூறுவோர் பலர்.

பல அறைகளுக்கு வரும்போது பழைய கணக்குகளே புதிய உடையில் திரும்புகின்றன. ஒரே ரிசீவரின் படத்தைக் கூடத்துப் பெரிய திரைக்கும் மாடியறைச் சிறிய திரைக்கும் ஸ்ப்ளிட்டர் வழியே பிரித்தால், இரண்டுள் தாழ்ந்த திரையின் தரத்துக்கே இரண்டும் இறங்குவது வழக்கம். பல ரிசீவர்கள் இரண்டாம் மண்டலத்துக்குப் பழைய பின் வழியே வரும் ஒலியை மட்டும் அனுப்பும், எண்வழி ஒலியை அனுப்பா. அதற்கு உள்ளே இன்னொரு மாற்றுச்சுற்று வேண்டும் என்பதே காரணம். எச்.டி.எம்.ஐ. வடம் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் தளர்வதால், நெடுந்தொலைவுக்குக் கணினி வலையமைப்பு வடத்தையோ ஒளியிழையையோ நாட வேண்டும். கேபிள் வடத்தின் உறையும் வீட்டு மின்சுற்றின் நிலத்தொடர்பும் வேறு வேறு இடத்தில் மண்ணைத் தொட்டால், ரிசீவரில் இணைத்ததும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 'உம்'மென்று எழும். மலையில் இதோடு மின்னலும் சேரும். வீட்டுக்கு வீடோ தளத்துக்குத் தளமோ செம்புக் கம்பி இழுப்பது மின்னலுக்குப் பாதை போடுவது போன்றது, ஒளியிழைக்கோ அந்த இடர் இல்லை. சுற்றுலா வளர்ந்துள்ள கொல்லிமலையில் விடுதி கட்டுவோரும் மாடி எழுப்புவோரும் சுவர் பூசுவதற்கு முன்பே ஒளியிழைக்கான குழாயைப் பதித்துவிடுவது, பின்னால் சுவரை உடைப்பதைவிட மிகவும் மலிவு. அறைகள் பலவற்றில் ஒலிபெருக்கி வைப்போர், ஒரே முனையில் எல்லாவற்றையும் முறுக்கிக் கட்டாமல், மைக்செட்காரர் செய்ததுபோல் மின்மாற்றிகளோடு கூடிய 100 வோல்ட் வழியை நாடினால் ரிசீவர் எரியாது.

கம்பியில்லா முறை இத்தொல்லைகளில் பலவற்றைக் குறைத்திருக்கிறது. சோனோஸ் 2005இல் தன் முதல் கருவிகளை விற்கத் தொடங்கியதிலிருந்து, அறைக்கு ஒரு பெட்டி வைத்து வைஃபை வழியே ஒரே பாட்டை எல்லாவற்றிலும் ஒருங்கே ஒலிக்கச் செய்வது எளிதாயிற்று. இங்கும் அடிப்படைச் சிக்கல் காலமே. எல்லாப் பெட்டிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும், இல்லையேல் திடலில் கேட்ட அரைநொடி எதிரொலி கூடத்திலும் கேட்கும்.

மரத்தில் குழாய் கட்டிய மைக்செட்காரர்களும், வடத்தைக் கம்பங்களில் இழுத்த கேபிள்காரர்களும், 4440 ஐ.சி.யைக் கையால் பற்றவைத்தவர்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாடகைச் சீட்டுகள், சுற்றுவரைபடம் எழுதிய நோட்டுகள், பழைய மின்மாற்றிகள் ஆகியவை பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன், மாவட்ட அருங்காட்சியகங்களும் கல்லூரி இயற்பியல் துறைகளும் அவற்றைக் கேட்டு வாங்கிப் பட்டியலிட வேண்டும். வல்வில் ஓரி விழாவுக்கு ஒலியமைத்தவர்களிடமிருந்து கொல்லிமலையில் அப்பணியைத் தொடங்கலாம்.